கல்லாவுக்குப் பின்னால் ஒரு படிப்பு

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் புதுச்சேரியில்தான் தொடங்கியது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் சோதனை முயற்சியாக ஆரம்பித்த அது, இன்று பெருந்தலைவர் காமராஜர் பெயரில் குரும்பாப்பட்டில் இயங்குகிறது. வில்லியனூர், பாகூர் விவசாயிகள் சுருக்கமாக 'கே.வி.கே.' என்பார்கள். நாடு முழுக்க இப்போது 700-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. இவை எப்படி நடக்க வேண்டும் என்று திட்டம் வகுத்தது, 1973-ல் மோகன் சிங் மேத்தா தலைமையில் அமைந்த குழு. அந்தக் குழுவின் பரிந்துரை ஒன்று இன்று படிக்கிறவரைத் திகைக்க வைக்கும்: பயிற்சி எந்த வகையாக இருந்தாலும், எத்தனை நாள் நடந்தாலும், முடிவில் சான்றிதழோ பட்டயமோ தரக் கூடாது. கற்கும் தாகத்தில் ஆள் வர வேண்டும், காகிதத்துக்காக வரக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

இப்போது நாட்டின் பல வேளாண் அறிவியல் நிலையங்களில் ஒரு பட்டயப் படிப்பே நடக்கிறது. விதை, உரம், பூச்சி மருந்து விற்கும் கடைக்காரர்களுக்கானது அது. 'தேசி' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் இதை 2003-ல் தொடங்கியது. 48 வாரப் படிப்பு. கடைக்கு விடுமுறை நாளில் வகுப்பு. 40 நாள் வகுப்பறை, 8 நாள் வயல். இதுவோ இதற்கு ஈடான படிப்போ இல்லாமல் இன்று ஒருவர் புதிதாகப் பூச்சி மருந்துக் கடை வைக்க முடியாது.

சான்றிதழ் கூடாது என்றது ஒரு காலம். சான்றிதழ் இல்லாமல் கடையே கிடையாது என்கிறது இன்னொரு காலம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். நர்சிங்கோ, பார்மசியோ, ஐ.டி.ஐ.யோ எதைப் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும், "பாஸானா போதாதா?" என்று ஒரு நாள் கேட்கத்தான் செய்யும். அந்தக் கேள்விக்கு இந்த உரக்கடைப் படிப்பை வைத்துப் பதில் தேடினால் விஷயம் எளிதில் விளங்கும்.

முதலில் சான்றிதழின் நியாயம். 1958-ல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நஞ்சுணவு தின்று இறந்தார்கள். பாரத்தியான் என்ற பூச்சி மருந்தும் கோதுமை மாவும் சேர்ந்து ஏற்றிவரப்பட்ட வழியில் மருந்து மாவில் கலந்திருந்தது. அந்தச் சாவுகள் தந்த அதிர்ச்சியில்தான் பூச்சி மருந்துக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, 1971-ல் விதிகள் வந்தன. ஆனால் மருந்தைத் தயாரிப்பவர், பதிவு செய்பவர், கொண்டுசெல்பவர் எல்லோருக்கும் விதி இருந்தபோதும், கடைசியில் அதை விவசாயியின் கையில் கொடுக்கிறவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் கேட்கப்படவே இல்லை. 2015-ல் விதி திருத்தப்பட்ட பிறகுதான், விற்பவருக்கு வேளாண்மையிலோ அதையொட்டிய அறிவியலிலோ பட்டம், அல்லது ஓராண்டுப் பட்டயம் வேண்டும் என்றானது. ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களுக்குக் காலக்கெடு கொடுத்து, அதை நீட்டிக்கவும் செய்தார்கள்.

ஆகவே சான்றிதழை இளக்காரமாகப் பேசுவது தவறு. அது ஒரு காவல். இன்னாருக்கு இவ்வளவாவது தெரியும் என்று, அவரைத் தெரியாத ஊரான் நம்புவதற்கு அது ஒரு பிடி. தேர்வு என்று ஒன்று இல்லாவிட்டால், கடையை நம்பிப் பிழைக்கிறவர் ஓராண்டு வார விடுமுறையை வகுப்பில் செலவிடுவாரா? பெரும்பாலோர் செலவிட மாட்டார்கள். மேத்தா குழு எதிர்பார்த்த தாகம் எல்லோரிடமும் தானாக வந்துவிடாது. கொஞ்சம் கட்டாயம் வேண்டித்தான் இருக்கிறது.

ஆனால் சான்றிதழ் எதை உறுதி சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேள்வியை வேறொருவர் எழுதிக் கொடுத்தால் இவருக்கு விடை தெரியும் என்பதைத் தேர்வு சொல்கிறது. கடையில் கேள்வியை எழுதித் தர யாரும் வருவதில்லை.

பாகூர்ப் பக்கம் சம்பா நட்டு மூன்று வாரம் ஆன சமயம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயி மடியில் நாலு நெற்பயிரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்துகிறார். "அண்ணே, பயிரு பழுத்துக்கிட்டே போவுது, ஒரு மருந்து குடுங்க." இதுதான் கடைக்கு வரும் கேள்வி. இதில் பூச்சியின் பெயர் இல்லை, நோயின் பெயர் இல்லை, நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற வசதியும் இல்லை.

பயிர் பழுப்பதற்குக் காரணம் ஒன்றா இரண்டா? தழைச்சத்துக் குறைந்தால் பழுக்கும்; அப்போது கீழே இருக்கும் பழைய இலை முதலில் வெளுக்கும், ஏனென்றால் பயிர் பழைய இலையிலிருந்து அந்தச் சத்தை உருவிப் புது இலைக்குக் கொடுக்கிறது. கந்தகமோ இரும்போ குறைந்தாலும் வெளுக்கும். ஆனால் அவற்றைப் பயிரால் அப்படி எளிதில் இடம் மாற்ற முடியாது, ஆகவே புதிதாக வரும் இலை முதலில் வெளுக்கும். துத்தநாகம் போதாவிட்டால், நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துரு ஏறினாற்போல் பழுப்புப் புள்ளிகள் வரும். பாக்டீரியா இலைக்கருகலாக இருந்தால் நுனியிலிருந்து ஓரமாக, நெளிநெளியாகக் காய்ந்துகொண்டே இறங்கும். தண்ணீர் நாள் கணக்கில் வடியாமல் நின்றாலும் வேர் மூச்சு முட்டிப் பயிர் மஞ்சளாகும். பழைய இலையா, புது இலையா என்பது வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி. கல்லாவில் அதுதான் யூரியாவா, துத்தநாகச் சல்பேட்டா, அல்லது எதுவுமே வேண்டாமா என்று முடிவு செய்கிறது. பாக்டீரியாவுக்குப் பூசண மருந்தை விற்றால் பணம் போகும், நோய் நிற்காது. அந்த வயலில் தழைச்சத்து ஏற்கெனவே அதிகம் என்று தெரியாமல் யூரியாவையும் கையில் கொடுத்து அனுப்பினால் கருகல் இன்னும் முற்றும்.

படித்தவர் என்று நான் சொல்வது, இந்த இடத்தில் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பாமல் அந்த நாலு பயிரையும் வாங்கிப் பார்க்கிறவரை. "எத்தனை நாள் பயிரு? வயல் பூரா இப்படியா, அங்கங்க திட்டா இருக்குதா? தண்ணி வடியுதா? யூரியா கடைசியா எப்ப போட்ட? பக்கத்து வயல்ல எப்படி இருக்குது?" இந்த ஐந்து கேள்விக்கு ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஆனாலும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறதே, அந்தத் தோன்றலைத்தான் ஓராண்டுப் படிப்பு ஒருவருக்குள் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

புகையான் என்ற நெற்பூச்சி விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வயலின் நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்தது போல் ஆன பிறகுதான் பலர் கடைக்கு ஓடி வருகிறார்கள். அந்தப் பூச்சி இலையில் இருக்காது. குத்தின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். குத்தை விலக்கி அடியில் நனையும்படி அடித்தால்தான் மருந்து அதன் மேல் படும். மேலாக அடித்தால் வீண். இன்னொன்று: தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால் மருந்து அடிக்கலாம், ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சிலந்தி இலவசமாக வேலை பார்க்கிறது. அது தெரியாமல் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் சிலந்தியும் மற்ற நன்மைப் பூச்சிகளும் முதலில் சாகும், புகையான் முன்னைவிடப் பெருகும். விவசாயி மறுபடி கடைக்கு வருவார், இன்னும் வீரியமான மருந்து கேட்பார். கடைக்கு வியாபாரம் நடந்ததாகத் தோன்றும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. நம் கிராமங்களில் உரக்கடை வெறும் கடை இல்லை. அது கடன் கொடுக்கிற இடமும்கூட. நடவில் எடுத்த உரத்துக்கும் மருந்துக்கும் அறுவடையில் பணம் வரும். அப்படியென்றால் கடைக்காரரின் முதல் விவசாயியின் வயலில்தான் நிற்கிறது. பயிர் போனால் பாக்கியும் போகும், அடுத்த போகத்துக்கு அந்த ஆள் வேறு கடைக்குப் போவார். "இதுக்கு மருந்து வேணாம், தண்ணிய வடிச்சிட்டு நாலு நாள் பாரு" என்று சொல்லத் தெரிந்த கடைக்காரர் அன்றைய விற்பனை ஒன்றை இழக்கிறார், ஆனால் தன் பாக்கியைக் காப்பாற்றிக்கொள்கிறார். வேண்டாம் என்று சொல்ல அறிவு மட்டும் போதாது, துணிவும் வேண்டும். தெரிந்தவருக்குத்தான் அந்தத் துணிவு வரும். சரியாகத் தெரியாதவர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று பாட்டில்களைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார். அதைப் பேராசை என்று மட்டும் பார்ப்பது நியாயமில்லை, பாதி பயம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. வயல் குளமாகி நிற்கும் அப்படிப்பட்ட நாளில் விவசாயி யாரிடம் முதலில் போவார்? அதிகாரி ஒருவர், கிராமம் பத்து. கடை மட்டும்தான் தெருமுனையில் இருக்கிறது. தண்ணீரை வடித்து, வேர் தெளிந்த பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாகச் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழியாகத் தெளிக்கலாம் என்பது பரிந்துரையில் உள்ள செய்தி. அதைச் சரியான நாளில், சரியான அளவில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மூழ்கியிருக்கும்போதே மூட்டை உரத்தை அள்ளி வீசச் சொன்னால் அது தண்ணீரோடு ஆற்றுக்குப் போகும். பாடத்தில் படித்த இரண்டு வரி ஒரு ஊரின் போகத்துக்குத் துணை நிற்கும் நாள் எப்போதாவதுதான் வரும். எந்த நாள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் எல்லாவற்றையும் ஊன்றிப் படிக்க வேண்டியிருக்கிறது. 'முக்கிய வினாக்கள்' மட்டும் படிக்கிற பழக்கத்தின் குறையும் இதுதான். தேர்வுக்கு எது முக்கியம் என்று கைடு சொல்லும். வயலுக்கு எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

மருந்துப் பாட்டிலில் இருக்கும் நிற முக்கோணத்தையும் சொல்ல வேண்டும். சிவப்பு கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் இயற்கை மருந்து என்று நினைத்துக் கையுறை இல்லாமல் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சையும் நஞ்சுதான், நச்சுத்தன்மை குறைவு, அவ்வளவே. பாட்டிலோடு மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளில் முதலுதவியும் மாற்றுமருந்தும் அச்சிட்டிருக்கும். பாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் ஏறினால் மருத்துவர் அட்ரோபின் கொடுப்பார். பாராக்வாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்றுமருந்தே கிடையாது. யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் ஆளோடு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிற கடைக்காரர் எத்தனை பேர்? இதைப் படிக்காதவர் யாரும் பட்டயம் வாங்கியிருக்க முடியாது. சொல்லாதவர்கள் மட்டும் நிறைய.

படித்ததை எதிரே நிற்கிறவரின் பேச்சுக்கு மாற்றித் தருவது தனித் திறமை. அதற்கு வில்லியனூரே நல்ல சான்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஊர்க்காரர்களே, அதிலும் பெண்கள் பலர், அவற்றை நடத்தினார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் பற்றிய தகவலை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்தத் தகவல் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடந்ததுதான். விடியற்காலையில் கட்டுமரம் தள்ளுகிறவருக்குப் புரிகிற தமிழில், அவர் கிளம்பும் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை அறிந்த ஆள் வந்ததும்தான் அது பயனாக மாறியது. 'ஹெக்டேருக்கு இத்தனை கிராம் செயல்படு நச்சு' என்று படித்ததை, 'உன் டேங்குக்கு இத்தனை மூடி' என்று சரியாகக் கணக்குப் போட்டுச் சொல்வதும் அதே திறமைதான். ஒரே மருந்து வேறு வேறு கம்பெனிப் பெயரில் வருவதை அறிந்து, இரண்டையும் சேர்த்து வாங்குகிறவரைத் தடுப்பதும் இதில் சேரும்.

இன்னொரு குறையையும் மறைக்காமல் பேச வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் பட்டம் ஒருவருடையது, கல்லாவில் நிற்பவர் இன்னொருவர் என்ற நிலை பல ஊர்களில் இருக்கிறது. மாத்திரைக் கடைகளில் பல காலமாக உள்ள பழக்கம்தான் இது. இப்போது உரக்கடைக்கும் வந்திருக்கிறது. உறவுக்காரப் பிள்ளையின் பி.எஸ்.சி. பட்டத்தில் உரிமம் வாங்கிவிட்டு, பிள்ளை சென்னையில் வேலை பார்க்கிறான். சட்டத்தின் பார்வையில் தாள் இருக்கிறது. விவசாயி வந்து நிற்கும்போது படிப்பு அங்கே இல்லை. இது பெரிய ஏமாற்று. பூச்சி மருந்து விஷயத்தில் ஆபத்தும்கூட. உரிமையாளர் தானே படித்திருந்தாலும், மத்தியான வேளையில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் வேலைக்கு நிற்கும் பையனுக்கும் தான் படித்ததில் நாலு விஷயத்தையாவது சொல்லிக் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குப் படித்தவர்தான் உண்மையில் படித்தவர் என்பேன்.

படித்தது பழசாவதும் உண்டு. பல ஆண்டுகள் கடைகளில் சாதாரணமாக விற்ற மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீத மருந்தின் பதிவை 2023-ல் ஒன்றிய அரசு ரத்து செய்தது. அதற்கு முன் பட்டயம் வாங்கியவரின் நோட்டில் அது பரிந்துரையாகவே இருக்கக்கூடும். நோட்டை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கேயே நிற்பார். ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது, ஏன் கைவிடுகிறார்கள் என்று புரிந்து படித்தவர் புதிதாக வருவதையும் தானே எடைபோட்டுப் பார்ப்பார். நர்சிங் மாணவிக்கும், வயரிங் உரிமம் எடுக்கும் ஐ.டி.ஐ. மாணவனுக்கும் இதே நிலைமைதான். பாடநூல் ஐந்து ஆண்டில் மாறும், நோயாளியும் மின்சாரமும் அதற்காகக் காத்திருக்காது.

இந்தப் படிப்புக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. தேசி கட்டணத்தில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கும் ஏற்பாடு உண்டு. கடைக்காரன் சம்பாதிப்பதற்கு அரசு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, பாகூரின் பழைய வரலாற்றையே நினைவூட்டலாம். 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிக்கிறவரின் சொந்த லாபத்துக்காக மட்டும் மூன்று ஊரின் வருவாயை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். ஒருவர் கற்றதால் அவரைச் சுற்றியிருக்கிறவர்களுக்கு வரும் நன்மை அந்தக் காலத்திலேயே கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறது. உரக்கடைக்காரர் ஒருவர் சரியாகப் படித்தால் அவர் கடைக்கு வரும் அத்தனை விவசாயிகளின் செலவும் குறைகிறது, ஏரித் தண்ணீரில் கலக்கும் நஞ்சும் குறைகிறது. இதற்குப் பொதுப்பணம் போவது முறையே.

ஆனால் பணம் கொடுத்ததோடும் தேர்வு வைத்ததோடும் அரசின் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது. பாகூரிலும் வில்லியனூரிலும் வேளாண் துறையின் உழவர் உதவியகங்கள் இருக்கின்றன. சம்பா நடவு முடிந்து மூன்றாவது வாரத்தில், கடை அடைத்திருக்கும் ஒரு நாளில், அந்தப் பகுதிக் கடைக்காரர்களையும் கல்லாவில் நிற்பவர்களையும் வேளாண் அலுவலர் ஒரு வயலுக்கு அழைத்துப் போகலாம். குத்தை விலக்கிப் பார்க்கச் சொல்லி, பழுத்த இலைக்குக் காரணம் என்ன, இதற்கு எதை விற்பீர்கள், எதை விற்க மாட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். சொன்ன பதிலைப் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பதினைந்து நாள் கழித்து எல்லோரும் அதே வயலுக்குத் திரும்பிப் போய், யார் சொன்னது சரியாக இருந்தது என்று பயிரையே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். வரும் சம்பாவிலேயே தொடங்கலாம்.